முந்தின நாள் மருந்து

1984 மார்ச் 14, புதன்கிழமை, சித்தேரி மலையிலுள்ள ஒரு சிற்றூரில் ஐந்து வயதுக்குட்பட்ட நாற்பத்தொரு குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கப்பட்டது.

எடுத்தவர் தர்மபுரியிலிருந்து வந்த ஆய்வக ஊழியர் அப்துல் சுபான். வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு குழாயையும் கறுப்புத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். ரத்தத்தில் குறைபாடு தெரிந்தால் ஊர் பட்டியலில் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து வரும். தெரியாவிட்டால் வராது.

"எங்க ரத்தத்தக் கொண்டுபோயி யாருக்குங்க ஏத்துவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓடறது சாமைக் கூழுடி. அத எவன் ஏத்திக்குவான்?" என்றாள் நஞ்சம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

அவள் மடியில் மூன்று வயது மகன் செல்லன் இருந்தான். பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் தட்டைத் தடவித்தான் எடுப்பான். அவன் கையைப் பிடித்தபோது சட்டையில் ஆரஞ்சு நிறக் கறை இருந்ததை சுபான் கவனித்தார். அடுத்த குழந்தையின் சட்டையிலும் அதே கறை.

"இது என்னம்மா?"

"நேத்து நர்சம்மா ஊத்துன மருந்துங்க. ஒரு வருசமா எட்டிப் பாக்காதவங்க, நேத்து வூடு வூடா வந்தாங்க."

சுபான் ஊசியைக் கீழே வைத்தார். முந்தின நாள் ஊற்றிய மருந்து இன்றைய ரத்தத்தில் ஏறியிருக்கும். குறைபாடு தெரியாது.

நர்ஸ் சென்னம்மாள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவளிடம் போனார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"மருந்தே போன வாரந்தாங்க வந்துச்சு. ரெஜிஸ்டர்ல போன வருசமே குடுத்ததா மேல இருக்கறவங்க எழுத வெச்சாங்க. இப்ப டீம் வருது, போயி ஊத்திட்டு வான்னாங்க."

"நான் படிவத்துல எழுதணும்."

"எழுதுங்கண்ணா. சொன்னவங்களுக்குச் சாட்சி இல்ல. கையெழுத்து என்னுது. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிருக்கேன்."

கடந்த ஆறு மாதத்தில் வைட்டமின் ஏ தரப்பட்டதா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சுபான் நாற்பத்தொரு படிவங்களிலும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டார். நிரப்பாவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சில நாட்களில் செல்லன் அந்தியிலும் தட்டைப் பார்த்து எடுத்தான். ஊசி போட்டு ரத்தம் எடுத்ததில் சரியாகிவிட்டது என்று நஞ்சம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். மருந்து ஊற்றியவள் வெறும் நர்ஸ்; ரத்தம் எடுத்தவர் தர்மபுரியிலிருந்து பெட்டியோடு வந்தவர்.

மே மாதம் அறிக்கை வந்தது. முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குக் குறைபாடு இல்லை. ஊர் பட்டியலில் சேரவில்லை. மருந்து பிறகு வரவில்லை.

அடுத்த ஆண்டு ஜூனில் மலையில் தட்டம்மை பரவியது; உடலில் மிச்சமிருக்கும் வைட்டமின் ஏயையும் அது கரைத்துவிடும். செல்லனுக்கும் அது வந்து இறங்கிய பத்தாம் நாள், நஞ்சம்மாள் இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, சுபானின் ஆய்வகத்துக்கு வந்தாள். தோளில் செல்லன். இரண்டு கண்களும் வெள்ளை பூத்திருந்தன.

"போன தடவ நீங்க எடுத்தப்பத்தாங்க கண்ணு தெரிஞ்சுது," என்று மகனின் கையை நீட்டினாள். "இன்னொருக்கா எடுத்து வுடுங்க சார். எவ்வளவு வேணாலும் எடுத்துக்கங்க."

சுபான் ரத்தம் எடுக்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் ஓடினார்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பகல் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.