கடைசி அடி

மிலிந்தின் இரங்கல் கூட்டத்துக்கு நான் நாற்பத்திரண்டு வரியில் ஒரு கவிதை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று நாள் கண்விழித்து எழுதியது. புத்த விகாரையில் நின்று அதை வாசித்தேன். நான் விட்டுவந்து வெகுநாளான எங்கள் பேட்டைச் சனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. பின்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கண் கலங்கவில்லை.

அடுத்து கயாபாய் எழுந்தாள். நகராட்சியில் தெருக்கூட்டுகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. மிலிந்த் அவள் தங்கை மகன், அவள் கையில் வளர்ந்தவன். ஒப்பந்தக்காரன் சொல்லிச் சாக்கடைக் குழியில் இறங்கி விஷவாயுவில் போனவன். சோளம் அரைக்கும்போது பாடும் மெட்டில், தாளில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"வாளி ரெண்டு கயிறு ரெண்டு எண்ணி வாங்கினான்
எறங்கினது யாருன்னு எண்ணாமப் போயிட்டான்"

இரண்டாம் முறை பாடும்போது கூட்டம் முழுக்கக் கூடப் பாடியது. எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் கல்லூரியில் மராத்தி நடத்துகிறவள். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. இருபது வருடமாக இந்தச் சனங்களுக்காகவே எழுதுகிறேன். என் வரி ஒன்றுகூட இவர்கள் வாயில் ஏறியதில்லை. அவளுக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

ஒப்பந்தக்காரன் மேல் இன்னும் வழக்குப் பதியவில்லை. திங்கட்கிழமை நகராட்சிக்கு ஊர்வலம் என்று முடிவானது. பாட்டை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். எழுதியெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கயாபாய் வீட்டில் சோள ரொட்டியும் மிளகாய்த் துவையலும் வைத்தாள். அவள் பாடப் பாட நான் எழுதினேன். ஒரு சொல்லையாவது திருத்தலாம் என்று தேடினேன், இடமில்லை. எங்கள் பாட்டுகளில் கடைசி அடியில் பாட்டைக் கட்டியவருடைய பெயர் வரும். அந்த இடம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

"அதுல உங்க பேரப் போட்டுக்கங்க டீச்சர்."

ஏன் என்று கேட்டேன்.

"என் பேரு இருந்தா, தெருக்கூட்டுறவ ஒப்பாரின்னு ஆபீசருங்க கசக்கிப் போட்டுருவானுங்க. படிச்சவங்க பேருன்னா பயப்படுவானுங்க. எனக்கென்ன, புள்ளைக்கு நியாயம் கெடச்சாப் போதும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்ததால் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன். எழுந்து வரும்போதே என் பெயரைப் போட்டு, 'உஜ்வலா சொல்றா கேளுங்க' என்று மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.

திங்கட்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் நீலக்கொடி, அந்தத் தாள். மிலிந்தின் படத்தை அவன் அம்மா ஏந்திப் போனாள். பக்கத்தில் கயாபாய். அவள் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடியது. கடைசி அடி வந்தது. ஆயிரம் வாயில் என் பெயர். இருபது வருடமாக நான் ஏங்கியது அதுதான். அதைக் கேட்டும் என் எரிச்சல் அடங்கவில்லை. என் பெயரைக்கூட அவள்தான் என்னைவிட நன்றாகப் பாடினாள்.

அப்போது அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். உஜ்வலா யாரென்று கேட்டாளாம், என்னைக் காட்டினார்களாம். ஜெய்பீம் சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

"பெத்தவ மாதிரி கட்டியிருக்கீங்க அக்கா. அந்தப் புள்ள உங்களுக்கு என்ன வேணும்?"

மிலிந்தை நான் உயிரோடு பார்த்ததேயில்லை. படத்தில் பார்த்ததுதான்.

நகராட்சி வாசலில் ஊர்வலம் நின்றது. முன்னாலிருந்து கயாபாய் மறுபடியும் கடைசி அடியை எடுத்தாள். எல்லோரும் பாடினார்கள். அந்தப் பெண் மட்டும் பாடவில்லை. என் கைகளை விடாமல், பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.