மொட்டைக்கு மூன்றே பதில்

கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு மொட்டையைப் பிடிக்காது.

மொட்டை யாரென்றால், என் வீட்டுக்காரர் ஜெகன் கம்ப்யூட்டரில் ஆடும் கேமின் நாயகன். ஆட்டம் தொடங்கும்போதே அவனுக்கு ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். முடி வைத்த முகமெல்லாம் கம்பெனி சூப்பர்வைசர் மாதிரியே இருக்கிறது என்று ஒரு மொட்டைத் தலையனாகப் பார்த்து எடுத்து, பெயரையும் அப்படியே வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவருக்கு ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தட்டுவார். புதுப் பெண்டாட்டி ஒருத்தி டீ டம்ளரோடு நிற்கிறாளே என்று ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமே! அங்கே மொட்டை எவன் மண்டையையாவது உடைத்துக்கொண்டிருப்பான்.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அது. கேம் சீடியைக் கொடுத்தது அஃப்தாப். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். இவன் மட்டும் மீன் வாடை ஆகாது என்று கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் சீடி கடை போட்டிருந்தான். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவான். வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சண்டைதான்.

சண்டை எதைப் பற்றி என்று சொல்ல வேண்டும். அந்த கேமில் கதை உண்டு. ஒரு நாட்டில் ஆறு வற்றிப்போய்விடுகிறது. ஆற்றைத் தடுத்தது யார் என்று நாயகன் ஊர் ஊராகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷில் பேசுவார்கள். அது திரையில் எழுத்தாக வரும். கீழே நம் ஆள் சொல்லக்கூடிய பதில்கள் வரிசையாக இருக்கும், ஒன்றைத் தட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கொஞ்சம் பாயிண்ட் கொடுத்து, பலம், வேகம், அறிவு, பேச்சு என்று பிரித்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். இந்த மனுஷன் மொத்தத்தையும் பலத்தில் கொட்டிவிட்டார். அறிவுக்கும் பேச்சுக்கும் பட்டை நாமம்.

அதனால் என்ன ஆயிற்று? எதிரே நிற்பவன் ராஜாவாக இருந்தாலும் சரி, பிச்சைக்காரனாக இருந்தாலும் சரி, மொட்டைக்கு மூன்றே பதில். "ஊம்." "மொட்டைக்குப் பசிக்குது." "மொட்டை அடிப்பான்."

"இன்னா ஜெகா, படகுக்காரன் கைல நீ பேசவே இல்லியே. அவன் கதையக் கேட்டா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது," என்பான் அஃப்தாப். "அறிவுல கொஞ்சம் போட்டிருந்தீன்னா மொத்தத்தையும் சொல்லுவான். உன் கைல ஒண்ணு சொல்றான், என் கைல வேற சொன்னான்."

"கதை கேக்கறதுக்கா கம்ப்யூட்டர் வாங்கனேன்? அடிச்சமா, அடுத்த ஊருக்குப் போனமான்னு இருக்கணும் பாய்."

"பேச்சுல போட்டவன் கடைசி வரிக்கும் கத்தியே எடுக்காம ஜெயிக்கலாம், தெரியுமா?"

"வாயாலயே ஜெயிக்கிறவன கம்பெனில டெய்லி பாக்கறேன். ஊட்லயும் அவனப் பாத்துக்கினு ஒக்காரணுமா?"

நான் அஃப்தாப் பக்கம். பொன்னேரி காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். டீ கொடுக்கிற சாக்கில் முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கப் பார்ப்பேன். யார் எழுதினானோ, அழகாக எழுதியிருந்தான். ஆனால் இரண்டு வரி படிப்பதற்குள் இவர் பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவார்.

"ஐயோ, இருய்யா! அந்த ஆளு இன்னா சொல்றான்னு படிக்கிறேன்."

"இன்னா சொல்லுவான்? வழவழன்னு பேசுவான். மொட்டைக்கு அதெல்லாம் பேஜாரு."

"மொட்டைக்கா, உனக்கா?"

சிரிப்பார். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். எனக்கு இருந்த கடுப்பும் அதோடு போய்விடும்.

மார்கழியில் ஒரு நாள் காலை ஷிப்ட். காஸ்டிக் சோடா போகிற குழாயில் ஒரு ஜாயிண்டைக் கழற்றச் சொன்னார்கள். லைனில் பிரஷர் இல்லை, திற என்றார்கள். இருந்தது. போட்டுக்கொள்ள வேண்டிய கண்ணாடி முந்தின வாரமே விரிசல் விட்டிருந்தது. வேறு கேட்டதற்கு ஸ்டோரில் அடுத்த வாரம் வா என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரமாம்! அதைச் சொன்ன நாக்கு இன்றைக்கும் மூன்று வேளை ருசியாகத்தான் சாப்பிடுகிறது. நான் மட்டும் ஏன் அடக்கி அடக்கிப் பேச வேண்டும்? நாசமாய்ப் போகட்டும்.

இரண்டு கண்ணும் வெந்துவிட்டது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். கருவிழியை மாற்றி வைத்தார்கள், ஒட்டவில்லை. மறுபடி வைத்தார்கள். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பேசிக்கொண்டே இருக்கும் மனுஷன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். சோறு பிசைந்து கையில் கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். பக்கத்து வீட்டு ஞானம்மாக்கா ஜெபம் பண்ணட்டுமா என்று வந்து நின்றபோதுகூட "பண்ணுங்க" என்று ஒரே வார்த்தைதான்.

அஃப்தாப்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"ஜெகா, கேம் போடலாமா? அண்ணி படிப்பாங்க, நீ பதில் சொல்லு, அவங்க தட்டுவாங்க. சண்டை வந்தா நான் பாத்துக்கறேன்."

இவர் முகம் ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவையாகத் திரும்பியது. நான் ஓடிப்போய் கம்ப்யூட்டர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

மொட்டை கடைசியாக நின்ற இடம் வற்றிய ஆற்றங்கரை. மணலில் ஒரு படகு, அதில் ஒரு கிழவன். மொட்டையைப் பார்த்துக் கிழவன் பேசினான். நான் படித்துத் தமிழில் சொன்னேன்: "உட்கார் பலசாலியே. ஆறு ஒருநாள் வரும். வந்ததும் முதலில் உன்னைத்தான் அக்கரைக்குக் கூட்டிப்போவேன்."

"பதில் இன்னா இருக்குது?"

"இன்னா இருக்கும்? ஊம், பசிக்குது, அடிப்பான்."

"ஊம் போடு."

தட்டினேன். கிழவன் அதையே திருப்பிச் சொன்னான். அதற்கு மேல் மொட்டைக்குப் பேச்சு இல்லை. கரையேறினால் கொள்ளைக்காரர்கள். அஃப்தாப் தட்டு தட்டென்று தட்டினான். சண்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியாதவனுக்கு அடிதடியில் என்ன இருக்கிறது? வெறும் இரைச்சல்.

"ஜெகா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அஃப்தாப். "புதுசா ஒரு ஆளப் போடுவோம். எல்லாத்தையும் பேச்சுலயும் அறிவுலயும் போட்டுட்டா அண்ணி படிச்சிக்கினே இருக்கலாம். உனக்கும் நல்லாப் பொழுது போவும்."

"மொட்டை?"

"கள்ள சீடிதான இது. ஒரு ஆளுக்குத்தான் எடம் கீது. புதுசு போட்டா பழசு அழிஞ்சிடும்."

அவ்வளவுதான். பக்கத்திலிருந்த டம்ளர் சுவரில் போய் அடித்தது.

"எவனாவது மொட்டை மேல கை வச்சீங்க, வெட்டிடுவேன்! கட்டு அவுத்ததும் நான் வந்து ஆடுவேன். அது வரிக்கும் அவன் அங்கியே நிக்கட்டும். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

டீ சுவரில் வழிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமை யார் பார்த்தார்கள்? கண் வந்துவிடும் என்று இவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொம்பு மொட்டைதான். மொட்டை அங்கே நிற்கிறவரைக்கும் இவருக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது. மொட்டையை எடுத்துவிட்டு வாயால் ஆடும் ஒருவனைப் போட்டால், இனி பார்வை இல்லை என்று இவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

அஃப்தாப் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அவன் சொல்றதுதான் சரி அண்ணி. மொட்டையே இருக்கட்டும். நான்தான் யோசிக்காமப் பேசிட்டேன்."

"படகுக்காரன் உன் கைல இன்னா சொன்னான் அஃப்தாப்?"

"அது எதுக்கு இப்ப? உடுங்க," என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இதே வேலை. கம்ப்யூட்டரைப் போடுவேன். கிழவன் ஆறு வரும் என்பான். படிப்பேன். இவர் "ஊம் போடு" என்பார். போடுவேன். கொஞ்ச நேரம் கழித்து அணைத்துவிடுவேன். கேட்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். ஆனால் அதற்கப்புறம் இவர் தானாகவே இரண்டு வாய் சாப்பிடுவார். முட்டாளுக்குக் கதை கிடையாது என்று வைத்துவிட்டானே இதை எழுதியவன் என்று முன்பெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது அந்தக் கிழவன்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. தினம் தவறாமல் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறான், வேறு யார் சொன்னார்கள்?

கட்டு அவிழ்க்கிற நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா டார்ச் அடித்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, நிறைய நேரம் பார்த்தார்கள்.

"இதுவும் ஒட்டல. இதுக்கு மேல பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார்கள் என்னிடம்.

"என் கைல சொல்லுங்க மேடம்," என்றார் இவர். "லேசா வெளிச்சமாவது?"

டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டார்கள்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். பழக்கதோஷம். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வந்தார். எண்ணூர் தாண்டியதும் கேட்டார்.

"அத்திப்பட்டு வந்திருச்சா?"

"வருது."

"பவர் ஹவுஸ் சிம்னில புகை வருதா?"

"வருதுய்யா."

"எந்தப் பக்கம் போவுது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும், பார்க்கிறவர்களுக்கென்ன.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை, நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டரப் போடு."

போட்டேன்.

"புதுசா ஒரு ஆளப் போடு."

"இன்னிக்கு வேணாம்யா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"போடு திலகா."

பழைய ஆளை அழித்துவிடலாமா என்று திரை கேட்டது. ஆமாம், இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் திட்டித் தீர்த்த மொட்டை. விரல் போகவில்லை. 'இல்லை'யைத் தட்டினேன்.

"அழிச்சிட்டேன்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"காத்துச் சத்தம் கேக்குதே. அது ஆத்தங்கரைக் காத்து. மொட்டை அங்கியேதான் நிக்கறான். ஏன் பொய் சொல்ற?"

"இருந்துட்டுப் போட்டுமேய்யா. உன்னை இன்னா பண்றான்?"

"அவன் நின்னுக்கினு இருந்தா நானும் காத்துக்கினே இருப்பேன். முடியல திலகா. உட்டுடு."

அழித்தேன். காற்றுச் சத்தம் நின்றது.

பாயிண்டெல்லாம் வந்தது. "பலத்துல?" என்று கேட்டேன். "ஒண்ணும் வாணாம்," என்றார். அறிவில் பாதி, பேச்சில் பாதி போடச் சொன்னார். அடுத்து முகம். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். சுருட்டை முடி, நரைத்த தாடி, கன்னத்தில் தழும்பு.

"எதையோ ஒண்ணு வை. நானா பாக்கப்போறேன்?"

முதல் முகத்தையே வைத்தேன். அது எப்படி இருந்தது என்று எனக்கும் நினைவில்லை.

புது ஆளை ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதே மணல், அதே படகு, அதே கிழவன். இந்தத் தடவை திரை நிறைய எழுத்து வந்தது. மனசுக்குள் படித்தேன், சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை.

"இன்னா, வாய்ல கொழுக்கட்டையா? படி."

"நிறைய கீதுய்யா. தாண்டிடலாமா?"

"ஒண்ணையும் தாண்டாத. எல்லாத்தையும் படி. நமக்கு இன்னா அவசரம்?"

படித்தேன். "வருகிறவர்களிடமெல்லாம் ஆறு வரும் என்றுதான் சொல்லுவேன். அப்பாவிகள், அதைக் கேட்டால் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள். உன்னைப் பார்த்தால் தாங்கிக்கொள்கிறவன் போல் இருக்கிறாய். அதனால் சொல்கிறேன். இந்த ஆறு இனி வராது. எனக்கு அது முன்பே தெரியும். வேறு போக்கிடம் இல்லாமல் படகில் உட்கார்ந்திருக்கிறேன்."

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது.

"பதில் இன்னா இன்னா இருக்குது?"

ஒன்பது பதில் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். கிழவனுக்கு ஆறுதல் சொல்வது ஒன்று, கோபப்படுவது ஒன்று, இத்தனை நாள் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பது ஒன்று, ஆற்றை நான் கொண்டுவருகிறேன் என்று சவால் விடுவது ஒன்று. எல்லாமே நீளம், எல்லாமே அழகான இங்கிலீஷ். முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஊம்னு ஒண்ணு இருக்குதா பாரு."

மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை பார்த்தேன்.

"இல்லய்யா," என்றேன்.