ஈரம் காயும் வரை

"மூணையும் பிடுங்கிட்டு கட்டுப்பல்லு வச்சிருங்க டாக்டரம்மா. இன்னைக்கே வச்சுத் தரணும்."

"நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லுதீங்களே, உங்களுக்கு மனசு வருதா?"

"மனசு வரல. ஆனா வெள்ளிக்கிழமை வருதே, என்ன செய்ய?"

டாக்டர் நீலா என் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்காசிக் கோயில் பக்கத்தில் மாடியில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியின் நாற்காலியில் நான் வாயைப் பிளந்து கிடந்தேன். பக்கத்தில் நின்று மன்றாடியது என் உம்மா, ஹைருன் பீவி.

என் முன்பற்கள் நான்கிலும் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பல் முளைக்கும் வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வெண்குஷ்டம் பல்லிலிருந்து ஆரம்பிக்கிறது என்றார்கள். இரண்டு சம்பந்தம் அதிலேயே போனது.

பிடுங்க வேண்டாம், அராவ வேண்டாம், உறை போட வேண்டாம் என்று போன வாரம் டாக்டர் ஒரு பல்லில் மட்டும் புது முறையைச் செய்து காட்டினார். பல்லைச் சுற்றி ரப்பர் தாளைக் கட்டி, துளி ஆசிட்டில் குழைத்த நுரைக்கல் பொடியால் மெல்லத் தேய்த்தார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. முடி கனத்துக்குக்கூடப் பல் குறையவில்லை. சில நாளில் அந்தப் பல்லில் புள்ளி காணாமல் போனது. நூலகத்தில் எடுத்துப் படிக்கும் தூரதேசத்து நாவல்களில் பனி உருகியதும் ஜனங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வருவார்கள். நான் பனியைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கதவு எனக்குத் திறந்தது.

மீதி மூன்று பல்லுக்குத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். உம்மாவால் அதுவரை பொறுக்க முடியவில்லை. கடையநல்லூரில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. நூல் திட்டுத் திட்டாக இருந்தால் பிளீச்சிங் பவுடரில் இன்னொரு முறை ஊறப் போடுவோம். எல்லா இழையும் ஒரே வெள்ளையாகிவிடும். பல் மட்டும் என்ன வேறா என்று நினைத்துவிட்டாள். நேற்றுக் காலை பவுடரைக் குழைத்துத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். நானும் வாயைக் காட்டினேன். புள்ளி அப்படியே இருந்தது. ஈறுதான் வெந்துபோனது.

"இந்தப் புண்ணு மேல ரப்பரும் கட்ட முடியாது, ஆசிட்டும் வைக்க முடியாது" என்றார் டாக்டர். "ஆறட்டும். அதுக்கப்புறம் நானே சரி பண்ணித் தருதேன். கல்யாணத்துக்குப் பின்னாலகூடச் செய்யலாம்."

"பாத்துட்டுப் போனாத்தானே கல்யாணம்" என்று உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். பக்ரீத் கழிந்ததும் போய்விடுவார். அதற்குள் நிக்காஹ். நாளை வெள்ளிக்கிழமை, அவருடைய உம்மா என்னைப் பார்க்க வருகிறார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா நூருன்னிசா, சாரல் தொடங்கிய வாரம் குற்றாலம் ஐந்தருவியில் நான் சிரித்ததைப் பார்த்துத்தான் சம்பந்தமே பேசினார்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர் தெரியல?"

"பல்லு நனைஞ்சிருந்திருக்கும். புள்ளி இருக்க இடத்துல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. தண்ணி நிறைஞ்சா மறைஞ்சிரும். காத்துப் பட்டுக் காஞ்சா தெரியும்."

பஸ்ஸில் திரும்பும்போது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உம்மா, வீட்டுக்கு வேண்டாம். அவங்கள ஐந்தருவிக்குக் கூப்பிடுவோம்."

சீசன் நேரம் என்பதால் அவர்களும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கத்து அருவியில் மாப்பிள்ளையின் உம்மாவான மாமியும் நூருன்னிசாவும் நானும் ஒன்றாக நின்றோம். குளிரில் தாடை தானாக ஆடியது.

"ஏட்டி ஆசியா, பல்லு தந்தியடிக்குது பாரு! சவூதிக்கா அடிக்க?" என்றார் நூருன்னிசா.

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் தண்ணீருக்குள் வாயைத் திறந்து சிரித்தேன். மாமி என் கன்னத்தை வழித்தார். "இந்தச் சிரிப்பு போதும்ட்டி எனக்கு."

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மாமியை உம்மா உடை மாற்ற அழைத்துப் போனாள். நான் நாக்கால் பல்லை நனைத்துக்கொண்டே, ஈரத் துணியோடு நூருன்னிசாவின் பக்கத்தில் நின்றேன். சாரல் நின்று காற்று மட்டும் வீசியது. அவர் கடையில் மங்குஸ்தான் வாங்கி உடைத்து ஒரு சுளையை என் வாயில் ஊட்டினார்.

புளிப்பு வெந்த ஈறில் இறங்கியது. கண் இருண்டது. வலி பொறுக்காமல் பல்லைத் திறந்து உஸ் உஸ்ஸென்று காற்றை இழுத்தேன். நாக்கைக் கொண்டுபோக முடியவில்லை; பட்டாலே எரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, நிமிர்ந்தபோது அவர் சிரிப்பு போயிருந்தது.

"என்னட்டி இது? இப்பத் தண்ணிக்குள்ள நிக்கையில இது இல்லையே."

நான் வாயைப் பொத்தினேன். அவர் என் கையை விலக்கிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். அவர் வேண்டுமென்று துடைத்திருக்கமாட்டார்.

"உடம்புல வேற எங்கனயும் இருக்கா?"

"இல்ல லாத்தா. இது நோவு இல்ல, கிணத்துத் தண்ணி. அல்லா மேல ஆணையா நோவு இல்ல. இந்தப் பல்லப் பாருங்க, இதுலயும் இருந்துச்சு. டாக்டரம்மா தேய்ச்சே எடுத்துட்டாங்க. மத்ததும் போயிரும். ஈறு மட்டும் ஆறணும்."

அவர் அந்த ஒரு பல்லைப் பார்த்தார். மற்ற மூன்றையும் பார்த்தார். அங்கே மாமி நனைந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உம்மாவோடு சிரித்துப் பேசியபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். என் உம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் நூருன்னிசாவின் ஈரக் கையைப் பிடித்தேன்.

"மாமிட்ட சொல்லுததுக்கு முன்னால, ஒரே ஒரு தடவை எங்கூட தென்காசிக்கு வந்து அந்த டாக்டரம்மாட்ட நீங்களே கேளுங்க. வருவீங்களா லாத்தா?"