மோட்டருக்கு விழாத பச்சை

“பாருங்கக்கா, பச்சை விழுந்துருச்சு. லைட்டு நல்லாத்தான இருக்கு,” என்று மலாயில் சொல்லிவிட்டு, நகராண்மைக் கழகத்து ஃபட்லி வண்டியின் கண்ணாடியை ஏற்றப்போனான். தவமணி அந்தக் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் வரவழைத்த ஆள். வந்தவன் வந்த வண்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு மாதிரி உயரமான பிக்அப், பின்னால் ஏணியும் கூம்புகளும். அது சிக்னலின் வெள்ளைக் கோட்டருகே வந்து நின்றதுதான் தாமதம், இந்தப் பாழாய்ப்போன லைட்டு, முதலாளியைக் கண்ட கங்காணி மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு பச்சையாகிவிட்டது.

“பிக்அப்புக்கு விழலைன்னு நான் சொல்லலையே என்சேக். மோட்டருக்கு விழலைன்னுதான சொன்னேன். இதோ என் மோட்டர் நிக்குது. எறங்கி அதுல உக்காந்து பாருங்க.”

“எல்லா வண்டிக்கும் ஒரே லைட்டுதான்க்கா. மோட்டர்காரங்களுக்குப் பொறுமை இல்ல, அதான் விஷயம்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா செவப்புல போனது அவருதான?” என்றான்.

தவமணிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது, வண்டி அந்தப் பச்சையிலேயே வலது பக்கம் திரும்பிப் போய்விட்டது. அவள் தன் மோட்டர் சைக்கிளில் ஏறி அதே இடத்தில் நின்றாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பின்னால் ஒரு டாக்சி வந்து சேர்கிற வரைக்கும் சிவப்பு.

தாமான் மெலூர் குடியிருப்பிலிருந்து பெரிய சடக்குக்கு, அந்த நெடுஞ்சாலைக்கு, ஏற அந்த ஒரு வாசல்தான். இடது பக்கம் போகிறவர்கள் பாடு நிம்மதி. வலது பக்கம், கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்தான் லைட்டுக்கு நிற்கவேண்டும். அதிகாலை வேலைக்குப் போகிற யாரிடமும் கார் கிடையாது, எல்லாம் பழைய மோட்டர்கள். தாமான்வாசிகள் இதற்கென்று ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். லைட்டுக் கம்பத்தின் உச்சியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. அதற்குள் கேமரா இருக்கிறது, அது பார்த்தால்தான் பச்சை விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதனால் மோட்டர்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பெட்டிக்கு நேர் கீழே போய் நிற்கும். ஒருவர் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். ஒருவர் முகம் தெரியட்டும் என்று தலைக்கவசத்தைக் கழற்றுவார். ரோஹானி மாக்சிக் என்ற மலாய்க்காரப் பெரியம்மா மட்டும் பெட்டியைப் பார்த்துத் திட்டுவாள். யாராவது கார்க்காரப் புண்ணியவான் பின்னால் வந்து நின்று பச்சை விழுந்தால், விளக்கைப் போட்டவர் தன்னால்தான் விழுந்தது என்று சொல்லிக்கொண்டே போவார்.

தவமணியின் கணவன் நடேசன் தினமும் அந்தப் பெட்டிக்கு ஒரு சல்யூட் வைப்பான். “குட்மார்னிங் துவான், அடியேன் வந்துட்டேன், கொஞ்சம் தெறந்து விடுங்க,” என்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கும் வைத்துவிட்டு நின்றிருக்கிறான். மழை பெய்திருந்தது, கூட நிற்க ஆளில்லை, காரும் வரவில்லை. தாமதமாகப் போனால் மேற்பார்வையாளன் அன்றைய வருகையையே வெட்டிவிடுவான். நின்று நின்று பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தான். மணல் லாரி வளைவிலிருந்து வந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. போலீஸ் எழுதியது, லாரிக்காரன் சொன்னது, கம்பெனி சொன்னது எல்லாம் ஒரே வாக்கியம்தான்: சிவப்பில் போனான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள்கூட ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, “ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்,” என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் ஆரஞ்சை எடுத்து அவர்கள் முகத்திலேயே எறியலாம் போல அவளுக்கு இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நடேசன் கேட்டான், “என்ன சொன்னான் ஆபீஸ்காரன்?”

“லைட்டு நல்லாயிருக்காம். பிக்அப்புல வந்து பாத்துட்டுச் சொல்றான்.”

“விடு தவம். போன காலு என்ன, அவன் சொல்லியா மொளைக்கப் போவுது?”

“உங்க காலுக்கு யாரு அழுதா? திங்கக்கெழமை அங்க போய் நிக்கப்போறது லோகா.”

மகள் லோகநாயகிக்கு அப்பாவின் இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்திருந்தது கம்பெனி. பெரிய தர்மம் செய்த மாதிரி சொன்னார்கள். கம்பெனி வேன் தாமானுக்கு வராது. அப்பாவின் மோட்டரைத்தான் சரிசெய்து வைத்திருந்தார்கள். அதே நேரம், அதே லைட்டு. லோகா அறையிலிருந்தபடியே, “ம்மா, நான் லைட்டு விழுற வரைக்கும் நிப்பேன், போதுமா?” என்று கத்தினாள். எத்தனை நாள் நிற்பாள்? முதல் வாரம் நிற்பாள். ஒருநாள் வருகையை வெட்டினால், அடுத்த நாள் அப்பனைப் போலவே இரண்டு பக்கமும் பார்ப்பாள்.

மறுநாள் சனிக்கிழமை, இருட்டுப் பிரிவதற்கு முன்பே தவமணி கைத்தொலைபேசியோடு தாமான் வாசலில் போய் நின்றாள். மோட்டர்கள் சிவப்பில் நிற்பதைப் படமெடுத்து, ஃபட்லியின் மேசையில் அத்தனை பேர் முன்னாலும் ஓடவிடுவது என்று முடிவு. நினைத்த மாதிரியே நடந்தது. மோட்டர்கள் வந்தன, கோட்டைத் தாண்டிப் போய் நின்றன, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன, கடைசியில் ஒவ்வொன்றாகச் சிவப்பில் பாய்ந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ரொட்டி காதர் பாய் வந்தார். மோட்டரின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, இரண்டு பக்கமும் ரொட்டிப் பொட்டலங்கள் குலை குலையாகத் தொங்கின. அவர் முன்னால் போகவில்லை. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று காலை ஊன்றிக்கொண்டார். தவமணி அவரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் பச்சை விழுந்தது. பின்னால் காரில்லை, ஒன்றுமில்லை.

“பாய், நில்லுங்க,” என்று ஓடினாள். “உங்களுக்கு மட்டும் எப்படி விழுது?”

“எனக்கு எப்பவும் விழும் தங்கச்சி. சோறு போடுறவன்னு லைட்டுக்குத் தெரியும்ல,” என்று சிரித்தார்.

“வெளையாடாதீங்க பாய். ஏன் முன்னுக்குப் போகாம இங்கியே நின்னீங்க?”

“முன்னுக்கு எறக்கம்மா. இவ்வளவு பாரத்தோட நின்னா வண்டி உருண்டு போயிரும். இங்க தார் ஒட்டுப் போட்ட எடம் சமமா இருக்கு. டயரை அந்தக் கறுப்புக் கோட்டு மேல வச்சுக்குவேன்.”

அவர் பச்சையில் போய்விட்டார். தவமணி குனிந்து பார்த்தாள். சடக்கில் சதுரமாக வெட்டிக் கறுப்புத் தார் ஊற்றி மூடிய கோடுகள். தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த கோடுகள். அவள் மோட்டரை எடுத்து வந்து முதலில் பெட்டிக்குக் கீழே, எல்லாரும் நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். விழவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு டயரும் கறுப்புக் கோட்டின் மேல் இருக்கும்படி நிறுத்தினாள். பெரிய சடக்கில் வந்த ஒரு லாரி வேகம் குறைந்து நின்றது. அவளுக்குப் பச்சை.

அவள் பெரிய சடக்கில் ஏறவில்லை. சுற்றி வந்து மறுபடியும் நின்றாள். மறுபடியும் பச்சை. சந்தோஷப்படவேண்டியதுதானே என்றால் படமுடியவில்லை. நாலடி. நாலடி பின்னால் நின்றிருந்தால் நடேசனின் கால் இன்றைக்கு உடம்பில் இருக்கும். நாலடியைச் சொல்லித்தர ஒரு நாதியில்லை இந்த ஊரில். பச்சையைப் பார்த்தபடி, சாலையென்றும் பாராமல், அவள் தன் வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொன்னாள்.

நடேசனிடம் சொல்லும்போது அதே கோபத்தோடுதான் சொன்னாள். “ஏன் கோட்டைத் தாண்டிப் போய் நின்னீங்க? அந்தக் கோட்டைத்தான் போட்டு வச்சிருக்கான்ல?”

“எல்லாரும் அங்கதான நிப்போம். பின்னுக்கு நின்னா அதுக்கு என்னையத் தெரியாதோன்னு...” என்றவன் நிறுத்திக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே மடித்துக் குத்தியிருந்த சிலுவாரைத் தடவிக்கொண்டே, “அப்ப நான் யாருக்கு சல்யூட் வச்சேன்?” என்றான். தான் அவனைக் கேட்டிருக்கக் கூடாது என்று தவமணிக்குத் தோன்றியது. கேட்டாயிற்று. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள். அப்போதும் கோபம் தணியவில்லை.

ஞாயிறு காலை, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “நீங்க எங்க வர்றீங்க?” என்று கேட்டதற்கு நடேசன், “கார நிறுத்த ஆளு வேணும்ல,” என்று ஊன்றுகட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

வாசலுக்குச் சற்று முன்னால் தாமான் சாலையின் நடுவில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கட்டையைக் குறுக்கே நீட்டிக் கார்களை மறித்தான். முதல் கார் ஹாரன் அடித்தது. “அடி, நல்லா அடி. காலு போனவன ஏத்திட்டுப் போறியா, போ,” என்றான். கார் அடங்கி நின்றது. தவமணி முட்டிபோட்டுக் கறுப்புக் கோட்டின் மேல் மஞ்சளை அப்பினாள். அகலமாக, குருடனுக்கும் தெரிகிற மாதிரி. பிறகு அதன் பக்கத்தில் ஒரு மோட்டர் வரைந்தாள். பார்க்க ஆடு மாதிரி வந்தது. இருக்கட்டும் என்று அதற்கு மேலும் ஒரு பூச்சு கொடுத்தாள்.

யாரோ படமெடுத்து தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கவேண்டும். ஃபட்லி வந்துவிட்டான். விடுமுறை நாள், பிக்அப் இல்லை. ஆபீஸ் சட்டையும் வீட்டுக் கால்சட்டையுமாகத் தன் சொந்த மோட்டரில் வந்தான். ஓரமாக அவளைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பெட்டிக்கு நேர் கீழே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, என்ன செய்றீங்க? இது கவர்மென்ட்டு சடக்கு. இதுக்கு சமன் இருக்கு, அபராதம் கட்டணும்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “இந்த அடியில என்னா இருக்கு என்சேக்?”

“கம்பி. காந்தக் கம்பி. வண்டி மேல நின்னா லைட்டுக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்.”

“எங்க வேலையாச்சேக்கா.”

“அன்னிக்கு ஏன் சொல்லல?”

“நீங்க லைட்டு கெட்டுப்போச்சுன்னுதான சொன்னீங்க. எங்க நிக்கணும்னு கேக்கலையே.”

தவமணி பிரஷைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அதை அவன் முகத்தில் தேய்த்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது. “அப்ப மேல இருக்குற பெட்டி?”

ஃபட்லி அண்ணாந்து பார்த்தான். “அதுவா? பழசு. உள்ள ஒண்ணும் இல்ல. எடுக்கணும், எடுக்கணும்னு அப்படியே கெடக்கு.”

அவள் நடேசனைப் பார்த்தாள். அவன் காதில் விழுந்திருந்தது. நீட்டிய கட்டையை இறக்காமல், அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கார்கள் வரிசை கட்டியிருந்தன.

“நாளைக்கு ஆள் வந்து அழிப்பாங்க. சமன் வீட்டுக்கு வரும்,” என்று சொல்லிவிட்டு, ஃபட்லி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு லைட்டைப் பார்த்தான். சிவப்பு. காத்திருந்தான். பெரிய சடக்கில் ஒரு பஸ் போயிற்று, ஒரு லாரி போயிற்று. பிறகு ஒன்றுமேயில்லை, வெறும் தார்தான். சிவப்பிலேயே எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் உடம்பில் ஆபீஸ் சட்டை. பின்னால் முட்டிபோட்டபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், கார்க்காரர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலால் டேங்கைத் தட்டினான். திரும்பி நடேசனிடம், “அங்கிள், அந்த முதல் கார மட்டும் விடுங்க,” என்றான்.

“முடியாது தம்பி,” என்றான் நடேசன். “பெயிண்ட்டு காயல.”

தவமணி பிரஷின் கட்டையால் ஈர மஞ்சளுக்குப் பக்கத்தில் தார் மேல் இரண்டு தட்டு தட்டினாள். இங்கே. ஃபட்லி அவளைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். பிறகு இரண்டு காலையும் ஊன்றி, மோட்டரைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தான், வெள்ளைக் கோட்டைக் கடந்து, ஆடு மாதிரி இருந்த மோட்டரைக் கடந்து, மஞ்சளின் மேல். டயர் இரண்டும் ஈரத்தில் அமுங்கின. அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பச்சை விழுந்ததும் அவன் யாரையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான். அவன் போன வழியெல்லாம் டயர் தடம் மஞ்சளாக விழுந்துகொண்டே போயிற்று. வாசலைத் தாண்டி, பெரிய சடக்கின் நடுவில், மணல் லாரி வந்து மோதிய இடத்தின் மேலேறி, வலது பக்கமாக ஒழுங்காக வளைந்து, தொழிற்சாலைப் பக்கம் போகப்போக மெலிந்துகொண்டே போயிற்று. நடேசன் கட்டையை இறக்கவேயில்லை. பின்னால் ஹாரன்கள் ஒன்று சேர்ந்து அலற ஆரம்பித்தன. தவமணி பிரஷைத் தோய்த்து, டயர் அழித்த இடத்தில் மறுபடியும் பூசினாள்.