ஏரியின் ஒரு கை மட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தவறான புரிதலில் பிறந்தது. பத்திரிகை ஆசிரியர் போனில், "கண்ணுக்குத் தெரியாதவங்களைப் பத்தி ஒரு கதை குடுங்க" என்றார். அவர் நினைத்தது சமூகம் கவனிக்காத மனிதர்களை. எனக்கு நினைவுக்கு வந்தது பாக்டீரியா. எங்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும். அண்ணி ஏரித் தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவை ஆராய்கிறார். அண்ணன் அதே ஏரியிலிருந்து ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தில் இன்ஜினீயர். கிருமியைக் கொல்வது அவர் உத்தியோகம். நான் அவர்கள் மாடியறையில் தங்கி எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "நான் ஒரு பாக்டீரியா. எனக்கு அம்மா இல்லை, பாதியாகப் பிளந்துதான்..."

அண்ணி படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அதுக்கு மனசும் கிடையாது, வசனமும் கிடையாது. பசி மட்டும்தான்."

இரண்டாவது தொடக்கம்: "ஏரி மரகதமாய் ஜொலித்தது..."

இது பொய். ஏரி நாறியது. அந்தக் கோடையில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் ஆனது. குழாயைத் திறந்தால் ஈரமண் வாடை. ஜனங்கள் குடத்தோடு அண்ணனின் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். மேலதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது: ஏரி முழுக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுப் பச்சையைக் கொல்லவும்.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். ஆனால் மீன் ஏன் செத்தது என்று பிறகு என்னைக் கேட்கக் கூடாது.)

ஏரியிலும் கடலிலும் செத்தது, அழுகியது, கரைந்தது எல்லாவற்றையும் மிதக்கும் பாக்டீரியா தின்கிறது. அதை அதைவிடப் பெரிய ஒற்றைச் செல் உயிர்கள் தின்கின்றன. அவற்றைப் பொடிப் பூச்சிகள், பூச்சிகளை மீன். குப்பையாகப் போகவேண்டியது இப்படிச் சாப்பாடாகத் திரும்பி வருகிறது. இன்னொரு வகைப் பாக்டீரியா வெயிலில் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. நீங்கள் இப்போது இழுத்த மூச்சில் ஒரு பங்கு கடலில் மிதக்கும் அந்த வகை தந்தது. அது அளவுக்கு மீறிப் பெருகினால்தான் எங்கள் ஏரிபோல் ஆகிவிடும். ஆக, பச்சையும் பாக்டீரியா, செத்த பச்சையைத் தின்பதும் பாக்டீரியா. வில்லனைத் தேடி எனக்குத் தலை சுற்றியது.

4

சாப்பாட்டு மேசையில் அண்ணனும் அண்ணியும் நேரடியாகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் நான்.

"தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. மொத்தமா கொன்னா, செத்ததையெல்லாம் தின்ன பாக்டீரியா ஒரேயடியா பெருகும். அதுக்கும் ஆக்சிஜன் வேணும். மீனுக்கு மிஞ்சாது. சாக்கடை வாய்க்கால் ஏரியில கலக்குதே, முதல்ல அதை அடைக்கச் சொல்லுங்க."

"டேய், உங்க அண்ணிகிட்ட சொல்லு. வாய்க்காலை அடைச்சு ஏரி தெளிய மாசக்கணக்காகும். வாசல்ல நிக்கிறவங்களுக்கு அதுவரைக்கும் நான் எதைக் குடிக்கக் குடுக்கிறது?"

(அண்ணனை முரட்டு ஆளாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வியில் அந்தப் பாத்திரம் கையைவிட்டுப் போய்விட்டது.)

5

ஏரிக்குக் கைபோல நீண்ட ஒரு பகுதி உண்டு. ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாய் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் சாக்கில் மயில்துத்தத்தைக் கட்டிப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தக் கையை மட்டும் சுற்றிவந்தார். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டு, "படகு ரிப்பேர் சார்" என்றார். படகு கல்லுப்போல நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர் தெளிந்தது. ஊரே அண்ணனைப் புகழ்ந்தது.

அந்த வாரமே ஒரு விடியலில் அந்தக் கையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கின. வெயில் ஏறும்போது வயிறு வெளுத்து மிதந்தன. அண்ணன் துடுப்புப் போட, அண்ணி ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் இறக்கினார். முள் எழும்பவே இல்லை.

அண்ணன் நேராக அண்ணியைப் பார்த்துக் கேட்டார். "கொன்னது நானா, உன் பாக்டீரியாவா?"

"அதுங்க வேலையை அதுங்க செஞ்சுது. நீங்க மலைமாதிரி சாப்பாட்டைக் கொட்டினீங்க. தின்னா மூச்சும் விடணும்ல?"

அண்ணன் ஒரு மீனைக் கையில் எடுத்தார், தண்ணீரிலேயே விட்டார். போன் அடித்தது. மேலதிகாரி.

"படகு சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே. மீதியையும் போட்டுடுங்க."

"முடியாதுங்க சார்."

அண்ணன் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் மிரண்டுபோனார். அண்ணி துடுப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

6

உத்தரவை மீறியதற்காக அண்ணன்மேல் நாளைக்கு விசாரணை. கதையோ இன்றைக்கே போயாகவேண்டும்.

முடிவு ஒன்று: அண்ணனுக்குப் பாராட்டு, வாய்க்கால் அடைபடுகிறது. (அண்ணி: "ஆளுங்க அவ்வளவு சீக்கிரம் மாறுவாங்களா தம்பி?")

முடிவு இரண்டு: அண்ணனுக்கு வேலை போகிறது, வேறொருவர் படகை எடுக்கிறார், ஏரி முழுக்க... (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

ஆகவே முடிவு உங்களுடையது. விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம், விசாரிப்பவர் இடத்துக்குப் போங்கள். குழாயில் மறுபடி வாடை வருவதால் ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் குடத்தோடு நிற்கிறார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஏரியில் இன்னும் உயிரோடு மீன் இருக்கிறது, அதற்குக் குரல் இல்லை. கதவு திறந்து அண்ணன் வருகிறார். இஸ்திரி போட்ட சட்டை, வியர்த்த நெற்றி. எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

அவரை உட்காரச் சொல்வீர்களா?