நானூற்றுப் பதினேழு, இருக்கேங்க

வீரம்மா வேலையை விட்டு நின்ற மறுநாளிலிருந்து, நானூற்றுப் பதினேழு என்ற எண்ணை யார் எங்கே சொன்னாலும் அங்கே அவள் குரல் "இருக்கேங்க" என்று பதில் சொன்னது. முப்பத்தொரு வருடம், தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அவளைக் கூப்பிட்ட எண் அது. ஆள் நின்ற பிறகும் குரல் நிற்கவில்லை. தோட்டத்தில் இரண்டு வாரம் இதைப் பேசினார்கள். பிறகு கோதுமை மா விலை ஏறியது, அதைப் பேசினார்கள். வீரம்மாவுக்குத்தான் சங்கடம். அந்த எண் எங்கே ஒலித்தாலும் அவள் வாயும் இருந்த இடத்தில் தானாகத் திறந்து, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். அவளே சொன்னால் மட்டும் ஒன்றும் நடக்காது. தன்னைத் தானே யாரும் கூப்பிடுவதில்லை.

சம்பளத்தில் பிடித்து வைத்த சேமலாப நிதிப் பணம் வங்கிக்கு வந்தது. கணவர் சிவசாமியின் இரண்டு கண்ணிலும் புரை. பணம் அந்த ஒப்பரேசனுக்கு. வங்கியில் ஏடிஎம் கார்டைக் கொடுத்த எழுத்தர் ஷாமிலா, "யாருக்குமே தெரியாத நாலு நம்பர் போடுங்கம்மா, பொறந்த வருசம்கூட வேணாம்" என்றாள். வீரம்மாவுக்கு மனப்பாடமான எண் ஒன்றுதான். முன்னால் ஒரு சைபரைப் போட்டாள். போட்டதும் அது வேறு எண்ணாகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சம்பள நாள், பகல் பதினொன்றேகாலுக்குப் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் "இருக்கேங்க" என்றாள். அடுத்த கணமே, "அது பெரட்டு நேரமில்லையே" என்று சோப்புக் கையோடு லயத்து வீட்டுக்கு ஓடினாள். காலையில் பஸ்ஸில் கொண்டுபோய் வந்த பையில் கார்டு இல்லை. அவள் பதறவில்லை. வங்கியின் தொலைபேசி எண்ணைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வைத்திருந்தாள். "கார்ட நிப்பாட்டுங்க, வேற ஆள் கையில இருக்கு" என்றாள். நான்கு நிமிடத்தில் நிறுத்தினார்கள்.

அதே பதினொன்றேகாலுக்கு ஹட்டனில் ஏடிஎம்முக்கு முன்னால் நின்றவன், கொழுந்து நிறுக்கும் ஆண்டியப்பன். காலையில் பஸ்ஸில் அவள் பக்கத்தில் நின்றவன். எண் தோட்டத்துக்கே தெரியும். சைபரை யூகிக்க அவனுக்கு அரை நிமிடம் போதும். நானூற்றுப் பதினேழு என்று முணுமுணுத்தபடி கடைசி இலக்கமான ஏழை அழுத்தியதும் இயந்திரம் உரக்க, "இருக்கேங்க" என்றது. தராசடிப் பழக்கத்தில் அவன், "கொழுந்த வைங்கக்கா" என்றுவிட்டான். பின்னால் வரிசையில் பதினாறு பேர். முதலில் நின்ற மீனம்மா, "வீரம்மாக்காவ உள்ள வெச்சு என்னடா பண்ற?" என்று கேட்டாள். அவன் கார்டை விட்டுவிட்டு இறங்கி நடந்தான். இயந்திரம் அதை விழுங்கிக்கொண்டது. மறுவாரம் தராசுக்கு வேறு ஆள் வந்தார்.

புதிய கார்டுக்கு எண் போடும்போது வீரம்மா இடது கையால் மறைத்துக்கொண்டாள். ஷாமிலா தானாகவே திரும்பி நின்றாள். ஒப்பரேசன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று சிவசாமி, "எனக்குக்கூடச் சொல்லமாட்டியா புள்ள?" என்று கேட்டார்.

"கண்ணு தெரியுதுல்ல? அது போதும்."

இப்போதும் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் பெரட்டில் நானூற்றுப் பதினாறுக்குப் பிறகு பதினெட்டைத்தான் கூப்பிடுகிறார். பனி மூடிய காலைகளில் வாய் தவறி நடுவிலுள்ளதைச் சொன்னால் பதில் வரும். "ஒங்கள இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.