சலித்த மண்

பல்லிக்கு மண் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மகன் ஹேமந்த் பெங்களூரில் வாங்கி வளர்த்த வெளிநாட்டுப் பல்லி அது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால், பெயர் ராணி. ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் கண்ணாடித் தொட்டியோடு அதை வேலூர் பாகாயத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டான். போனவன் சும்மா இருந்தானா? தொட்டியில் விரித்திருந்த காகிதம் இனி வேண்டாமாம், உயிருள்ள மண் போட வேண்டுமாம். அதில் செடி வளரும், பூச்சி வாழும், ராணியின் எச்சத்தைப் பூச்சியே தின்றுவிடும், நான் தொட்டி கழுவவே வேண்டாம் என்றான். அந்தக் கடைசிப் பேச்சில்தான் மயங்கினேன்.

வெறும் ஆற்று மணல் ஆகாது, இரையோடு வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். நர்சரி மண்ணில் உரம் இருக்கும். தேங்காய் நார்த்தூள் மட்டும் போட்டால் காய்ந்து தூசி பறக்கும். உரமும் மருந்தும் படாத மண்ணோடு கழுவிய மணலைக் கலக்க வேண்டும். அப்படிப்பட்ட மண்ணுக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் ஆம்பூர் பக்கம் நான் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகள் ஞாபகம் வந்தன. ஒரே வரிசையில் ஆறு வீடு, பின்னால் ஆறுக்கும் பொதுவான மண்தரை. ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடும் டேனரி இருந்தது. தோல் ஊறிய தொட்டிகளை மூடி, மேலே மண் அடித்துத்தான் அப்பா வீடு கட்டினார். அங்கே யாரும் உரம் போட்டதில்லை, மருந்து அடித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய் நின்றேன். மூன்றாவது வீட்டு கிறிஸ்டினா ஓடி வந்தாள். ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள், பிள்ளை பெற்றதிலிருந்து வேலைக்குப் போகவில்லை. பத்து மாதக் குழந்தை ஷெரின் அந்தத் தரையில்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. வாயெல்லாம் மண், முட்டியில் இரண்டு புண்.

"இன்னா சார், மண்ணு எடுக்குறீங்க? வீடு கட்றீங்களா?"

"பல்லிக்கும்மா."

விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல மண்ணு சார். ஒரு எறும்பு, ஒரு புழு கெடையாது. அதான் தைரியமா இவள எறக்கி வுட்டுட்றேன். எந்நேரமும் மண்ணத் துன்னுது, கழுத."

பூச்சி புழு இல்லாத சுத்தமான மண் கிடைத்ததே என்று எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து சலித்தேன். ராணியின் வயிற்றில் ஒரு கல் குத்தக் கூடாதே. தொட்டால் குண்டுமணிபோலச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சிகள் நாற்பதை ஆன்லைனில் வரவழைத்தேன். முதலில் ஒரு டப்பாவில் இந்த மண்ணைப் போட்டு அவற்றை விட வேண்டும், அவை ஒரு வாரம் பிழைத்தால்தான் ராணியை இறக்க வேண்டும் என்பது ஹேமந்தின் கட்டளை. நான்காம் நாள் திறந்து பார்த்தேன். நாற்பதும் மல்லாந்து கிடந்தன.

மண் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கும் புகழேந்தி எனக்குத் தெரிந்தவர். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். பத்து நாளில் போன் வந்தது.

"சார், குரோமியம் ரொம்ப ஜாஸ்தி. ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் பதனிடப் போடுற மருந்து. பல்லிகிட்டயே கொண்டு போவாதீங்க. நீங்களும் கிளவுஸ் போடாம தொடாதீங்க. இது எந்த எடத்து மண்ணு? யாராச்சும் குடியிருக்காங்களா?"

"காலி மனைப்பா," என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப சரி சார். சின்னப் பசங்கள மட்டும் அங்க வெளையாட வுட்றாதீங்க."

போனை வைத்ததும் நேராக ராணியிடம் போனேன். ராணியை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹேமந்துக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? தொட்டிக் கண்ணாடியில் கை வைத்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெரின் நினைவும் வந்தது. வராமல் இருக்க நான் என்ன கல்லா? ஆனால் வாயைத் திறந்தால் ஆறு வீடும் காலியாகும். அப்புறம் அந்த இடத்தைச் சும்மா கொடுத்தாலும் சீந்த ஆள் இருக்காது. குழந்தை கொழுகொழுவென்று நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாளே ஏலகிரிக்குக் காரில் போய், ஒரு விவசாயியைக் கெஞ்சி, பலா மரத்தடி மண் வாங்கி வந்தேன். புதிதாக வாங்கி விட்ட பூச்சிகள் அதில் குட்டி போட்டுப் பெருகின. ராணி இறங்கிய அன்றே பள்ளம் பறித்துச் சொகுசாகப் படுத்துக்கொண்டாள்.

பழைய மூட்டைகள் மட்டும் பால்கனியில் கிடந்தன. என் மனைவி சோபனா அந்தப் பக்கம் போகவே மறுத்தாள். "அந்த வெஷத்த இன்னும் எதுக்கு வூட்ல வெச்சிருக்கீங்க? மொதல்ல வெளிய போடுங்க." அங்கிருந்து வந்தது அங்கேயே போகட்டும் என்று இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கையுறை மாட்டிக்கொண்டு முதல் மூட்டையை இறக்கும்போதே கிறிஸ்டினா குழந்தையோடு வந்துவிட்டாள்.

"இன்னா சார், பல்லிக்குப் புடிக்கலையா?"

"அதுக்கு ஒத்துக்கல."

அவள் வெறும் கையை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினாள். முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, மாவு மாதிரி சலிச்சிருக்கீங்க! மூலைல கொட்டிடாதீங்க சார். கல்லு குத்தித்தான் இவ முட்டிப் புண்ணு ஆறவே மாட்டேங்குது. எங்க வாசப்படியாண்ட கொட்டிக் குடுங்க, மெத்துமெத்துன்னு தவழும்."

குழந்தையின் முட்டியைப் பார்த்தேன். இரண்டாக இருந்த புண் ஐந்தாகியிருந்தது. அது கல் குத்திய புண் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல அரை நிமிடம் போதும்.

"எங்கம்மா கொட்டணும்?" என்றேன்.

காட்டினாள். இரண்டு மூட்டையையும் கொட்டி, மேடு பள்ளம் இல்லாமல் நானே பரப்பிவிட்டேன். "பல்லி வேணான்னது எம்புள்ளைக்கு அதிர்ஷ்டம்," என்று கும்பிட்டுவிட்டு, அவள் ஷெரினை அதன் நடுவில் உட்கார வைத்தாள். ஷெரின் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அதில் ஒரு கல்கூட இல்லை.